நர்சம்மாவின் சூப்

மகன் ஹோட்டலின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்ததுமே நர்சம்மாவின் கண்ணில் பட்டது அவளுடைய சொந்த முகம்தான். சுவரில் ஆளுயரப் படமாகக் கையில் கரண்டியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். கரண்டியைப் பிடித்திருந்த லட்சணத்தைப் பார்த்தால் யாருக்கோ ஊசி போடப் போகிறவள் மாதிரி இருந்தது. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'எல்லாம் அம்மா கைப்பக்குவம்' என்று போட்டிருந்தார்கள்.

பின்னால் வந்த கணவர் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றார். பழுதாகி வந்த ரேடியோவைப் பின்மூடியைக் கழற்றிவிட்டு ஒரு பார்வை பார்ப்பாரே, அதே பார்வை. மேலிருந்து கீழ்வரை பார்த்தார், எழுத்தையும் படித்தார்.

விஷயம் இதுதான். அந்த வீட்டில் அடுப்பு ஒருநாளும் அவள் கையில் இருந்ததில்லை. அவளுக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்டு வேலை. ஊர் எழுந்திருக்கும்போது அவள் படுப்பாள், ஊர் சாப்பிடும்போது அவள் யாருக்காவது டிரிப் ஏற்றிக்கொண்டிருப்பாள். அவருக்கோ ரேடியோ, டிவி ரிப்பேர் கடை, அதுவும் வீட்டு முன்னறையிலேயே. முன்னறையில் ஈயத்தைப் பற்றவைத்துவிட்டு அது ஆறுவதற்குள் பின்கட்டுக்குப் போய் வெங்காயத்தைக் கிளறிவிட்டு வருவார். அப்படித்தான் இரண்டு பிள்ளைகளும் வளர்ந்தார்கள். அவர் மீன் தலையைப் போட்டு, மிளகைத் தட்டிப் போட்டு ஒரு சூப் வைப்பார். ரேடியோவை வாங்க வந்தவர்கள் ரேடியோ கைக்கு வந்த பிறகும் கிளம்ப மனசில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். நர்சம்மாவுக்கு இதில் வெட்கம் எதுவும் இருந்ததில்லை. "எனக்கு முட்டை அவிக்கத் தெரியும், அதுவும் சில நாள் வெடிச்சிரும்" என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான்.

அப்புறம் சின்னவன் பெரிய ஆளாகிவிட்டான். வீட்டுக்குத்தான் சின்னவன், டிவியில் அவனுக்குப் பெயர் கடலரசன். முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்கினாலே அலறுகிற பிள்ளை, அவனுக்கு வைத்தார்கள் பாருங்கள் பெயரை. ஒருநாள் டிவியில் கண்கலங்கச் சொன்னான், "எங்கம்மா வெச்ச மீன் சூப்தான் என்னைச் சமையல்காரனா ஆக்கிச்சு." யாரோ கொண்டுவந்து போட்டிருந்த டிவியைப் பழுது பார்த்து முடித்து, படம் சரியாக வருகிறதா என்று போட்டுப் பார்த்த நேரத்தில் அவர் அதைக் கேட்டார். படம் மிகச் சரியாக வந்தது. அணைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் அவர் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மாதக்கணக்கில் ரொட்டி, அவித்த முட்டை, நர்சம்மா கிளறிவைக்கிற பெயர் தெரியாத ஒரு பதார்த்தம், இவ்வளவுதான் அந்த வீட்டுச் சாப்பாடு. அவர் முகம் சுளிக்காமல் தட்டைக் காலி பண்ணுவார். அதுதான் கொடுமை. ஒருநாளாவது தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பேச்சும் குறைந்துவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி நடமாடினார்கள்.

அவள் பக்கமும் தப்பு இல்லாமல் இல்லை. பத்திரிகைக்காரர்கள் வந்து கரண்டியைக் கையில் கொடுத்தபோது அவள் அதை வாங்கிக்கொண்டாள். தெருவில் நாலு பேர் நிறுத்தி விசாரித்தபோது கொஞ்சம் இனிக்கவும் செய்தது. ஆனால் அவர் இப்படி ஊமையாகிப் போவார் என்று யார் கண்டது? கடைசியில் அவள்தான் மகனுக்குப் போன் போட்டாள்.

"நீ பெருசா ஒண்ணும் பண்ண வேணாம். வீட்டுல சமைச்சது நீங்கதாம்பான்னு அவர் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை சொல்லு. போதும்."

"எல்லாரும் ஹோட்டலுக்கு வாங்கம்மா. நானே என் கையால சமைச்சுப் போட்டு, பக்கத்துல உக்காந்து சொல்றேன்," என்றான் அவன்.

அவரைக் கிளப்புவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார், "வர்றேன். ஆனா அவன் அதைச் சொல்லாம நான் அங்கேருந்து எந்திரிச்சேன்னா, அப்புறம் இந்த வீட்டு அடுப்பைப் பத்தி நீ என்கிட்ட வாயே திறக்கக் கூடாது." சொன்னால் சொன்னதுதான் அவர். அதனால்தான் அந்த மத்தியானம் நர்சம்மா அந்த ஹோட்டலில் உட்கார்ந்திருந்த விதம், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளையைப் போல இருந்தது.

மூத்தவளும் கூட வந்திருந்தாள். அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். வாய் கொஞ்சம் அதிகம், பயம் கிடையாது.

ஐஸ்கட்டிப் படுக்கையில் மீன்கள் வாய் பிளந்து வரிசையாகப் படுத்திருந்தன. அதற்கு அந்தப் பக்கம் கண்ணாடிச் சுவர் வைத்த சமையலறை. வெள்ளைக் கோட்டு ஆட்கள் குனிந்து நிமிர்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் அவனைக் காணவில்லை.

"சார் ஷூட்டிங்ல இருக்காங்கம்மா. இதோ வந்துருவாங்க. உங்களுக்கு என்னென்ன பரிமாறணும்னு எல்லாம் சொல்லிட்டுதான் போயிருக்காங்க," என்றார் மேனேஜர், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு.

"அவன் கையால சமைக்கிறேன்னானே?" என்றாள் மூத்தவள்.

"எல்லாமே சாரோட ரெசிப்பிதாங்க."

நர்சம்மா கணவரைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்து நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

முதலில் ஒரு பெரிய தட்டு வந்தது. அதன் நடுவில் கட்டைவிரல் அளவு மீன் துண்டு, அதன்மேல் வெள்ளையாக ஏதோ பொங்கிக்கொண்டிருந்தது. "இது நுரையா, இல்ல தட்டைச் சரியா அலசலையா?" என்றாள் மூத்தவள். அடுத்து இறால். வாயில் போட்டால் செருப்புத் தைக்கிற ரப்பர் தோற்றது. மெல்ல மெல்ல அது பெரிதாகிக்கொண்டே போனது. அதற்கடுத்து வந்த மீனை வேகவைத்தவனுக்கு அதன்மேல் என்ன பகையோ, துணி மாதிரி நார் நாராகப் பிரிந்தது. மகன் மட்டும் வரவில்லை. ஒவ்வொரு தடவை சமையலறைக் கதவு திறக்கும்போதும் நர்சம்மா நிமிர்ந்து பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் வந்தது இன்னொரு தட்டுதான்.

"எப்படி இருக்கு சார்?" என்று சர்வர் அவரிடம் கேட்டான்.

"தட்டு நல்லாருக்கு," என்றார் அவர்.

பக்கத்து மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் அதற்குள் நர்சம்மாவை அடையாளம் கண்டுகொண்டு எழுந்தே வந்துவிட்டாள். சுவரையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா நீங்கதானே? ஒரே ஒரு போட்டோம்மா. நான் எவ்ளோதான் பண்ணாலும் மீன் வாடை போகவே மாட்டேங்குது. நீங்க என்னம்மா பண்ணுவீங்க?"

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார். பதிலைத் தெரிந்துகொள்வதில் அவருக்கும் அக்கறை இருந்தது போல. ஸ்பிரிட் போட்டுத் துடைப்பேன் என்று நர்சம்மாவுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "நல்லாக் கழுவணும்மா," என்று சொல்லிவைத்தாள். அந்தப் பெண் வேதவாக்கைக் கேட்டவள் மாதிரி தலையாட்டிவிட்டுப் போனாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மடித்தார். சட்டைப்பையில் போட்டார்.

அது என்ன என்று அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடி பைக்குள் போனால் அவர் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவரை உட்கார வைத்தவர்கள் யாரும் கிடையாது. நர்சம்மா சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பழக்க தோஷம், விரல் தானாக நாடியில் போய் நின்றது. தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது நாடி. வெளியே கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிற மனுஷன் உள்ளே இந்தப் பாடு படுகிறாரே என்று அவள் பிடியை விடவில்லை.

"உக்காருங்க. இன்னும் சூப் வரல. எனக்காக," என்றாள் தணிந்த குரலில்.

அவர் கையை உருவிக்கொள்ளவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

சூப் ஊர்வலம் மாதிரி வந்தது. முன்னால் ஒருவன் சின்னச் சின்னக் கிண்ணங்களோடு, பின்னால் ஒருவன் கூஜாவோடு. ஊற்றுவதற்கு முன்னால் அவன் கூஜாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மனப்பாடம் பண்ணியதை ஒப்பிக்க ஆரம்பித்தான். "சாரோட அம்மா தினமும் விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு, கடற்கரைக்கு நடந்தே போய், படகு வந்து நிக்கறப்பவே மீனைத் தன் கையால பொறுக்கி எடுத்துட்டு வந்து..."

விடியும் நேரத்தில் நர்சம்மா வீங்கின காலோடு டூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பாள்.

"கடற்கரைக்கா? தினமுமா?" என்றார் அவர்.

"தினமும் சார். நீங்களே பாத்திருப்பீங்களே."

"இல்லப்பா. நான் தூங்கிட்டிருந்திருப்பேன்."

சர்வர் சிரித்துக்கொண்டே ஊற்றினான். மூத்தவள் மேஜைக்கடியில் அம்மாவின் காலை மிதித்தாள். நர்சம்மா குனிந்த தலை நிமிரவில்லை. பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

அவர் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டார். நிறுத்தினார். பைக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். இன்னொரு கரண்டி குடித்தார்.

"இது என் சூப் இல்ல," என்றார்.

"அந்த அளவுக்கு வராதுதான். அவனும் எவ்ளோ பேருக்குச் செய்யறான்..." என்றாள் நர்சம்மா.

"அதைச் சொல்லல. கெட்டுப்போன என் சூப்புகூட இல்ல இது. பால் ஊத்தியிருக்கு. சோள மாவு. ஒரே ஒரு லவங்கம். மிளகே கிடையாது." அவர் கண்ணை மூடி யோசித்தார். "எனக்குக் குடல்வால் எடுத்தாங்களே, அப்ப உங்க ஆஸ்பத்திரியில வேளாவேளைக்கு ஒரு சூப் குடுத்தாங்க. அது."

நர்சம்மா பதறிப்போய்க் கரண்டியை வாயில் வைத்தாள். அதேதான். வயிற்றில் கத்தி வைத்தவர்களுக்குக் காரம் ஆகாது என்று ஆஸ்பத்திரிச் சமையலறையில் காய்ச்சுவது. எத்தனை நோயாளிகளுக்கு முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு இதைப் புகட்டியிருப்பாள். அந்த ஒரு வாயிலேயே வார்டு வாசனை முழுக்க மூக்கில் ஏறியது. அப்போதுதான் அவளுக்கு அந்தப் போன் நினைவுக்கு வந்தது.

"என்னங்க," என்றாள். "அவன் சமையல் காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கறப்ப ஒரு தடவை போன் பண்ணான். நான் நைட் டூட்டி முடிச்சு அப்பதான் படுத்தேன். மீன் சூப் எப்படி வெக்கணும்மான்னு கேட்டான். எனக்குத் தெரிஞ்ச மீன் சூப் இது ஒண்ணுதான். சொல்லிட்டேன்."

மூத்தவள் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. "அடப் பாவிகளா, ஊரே வரிசையில நின்னு குடிக்கிறது ஆபரேஷன் கேஸ் சூப்பா?"

அவர் சிரிக்கவில்லை. "அப்ப நான் எங்க போனேன்?"

"மார்க்கெட்டுக்கு."

"திரும்பி வந்தேன்ல? அப்ப சொல்றதுக்கென்ன?"

அவர் கரண்டியைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஓசைப்படாமல் வைத்தார்.

"அப்ப அவன் பொய் சொல்லல," என்றார். "அம்மா சூப்புன்னான். இது அம்மா சூப்தான். நான்தான் என்னுதை எடுத்துக்கிட்டான்னு கோவிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். எடுக்கவே இல்ல. அவனுக்கு என் சூப் ஞாபகமே இல்ல போலருக்கு."

நர்சம்மாவுக்கு இது முன்னதைவிட மோசமாகப் பட்டது. கோபமாக இருந்தவரைக்கும் அந்த மனுஷனிடம் கொஞ்சம் உயிர் இருந்தது. இப்போது முகமே தொங்கிப் போய்விட்டது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவள் வாயெடுப்பதற்குள் ஹோட்டல் முழுக்கக் கைதட்டல் எழுந்தது. கடலரசன் வந்துவிட்டான்.

வெள்ளைக் கோட்டு, ஷூட்டிங்குக்காக முகத்தில் பூசின பவுடர் இன்னும் கலையவில்லை. பின்னாலேயே கேமராவையும் மைக்கையும் தூக்கிக்கொண்டு ஒருவன். மேஜைக்கு மேஜை கும்பிட்டுக்கொண்டே வந்தவன் அப்பாவின் தோளைத் தொட்டான், அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தான், நேராக அம்மாவிடம் வந்து அவள் வலது கையைப் பிடித்து எல்லோரும் பார்க்கத் தூக்கினான். "இந்தக் கைதாங்க. இந்தக் கைதான் எனக்குக் கடலைக் காட்டிச்சு. அம்மா, ரெண்டு வார்த்தை பேசும்மா."

எல்லோர் கையிலும் போன் எழுந்தது. நர்சம்மா கணவரைப் பார்த்தாள். அவர் விரல் மூக்குக்கண்ணாடியின் காம்பில் இருந்தது. மகனைப் பார்த்தாள். அவன் சிரிப்பில் ஒரு கெஞ்சல் இருந்தது. இந்தப் பக்கம் வாயைத் திறந்தால் மகன் மானம் போகும், அந்தப் பக்கம் மூடினால் புருஷன் போய்விடுவார். எந்தத் தாய்க்கும் இப்படி ஒரு மைக்கை நீட்டக் கூடாது.

எழுந்து நின்றாள்.

"எனக்குச் சமைக்கத் தெரியாது," என்றாள். "எங்க வீட்டுல சமைச்சது இதோ இவரு. பிள்ளைங்க ரெண்டையும் இவர்தான் ஆக்கிப்போட்டு வளத்தாரு. நான் முட்டை அவிப்பேன், அவ்ளோதான். ஆனா இந்தச் சூப் என்னுதுதான். அதனாலதான் இப்படி இருக்கு."

பிறகு எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். "எவ்ளோ தன்னடக்கம் பாரு," என்றாள் போட்டோ கேட்ட பெண். நர்சம்மா திருதிருவென்று விழித்தாள். வாழ்நாளில் இவ்வளவு பேருக்கு முன்னால் அவள் உண்மையைச் சொன்னதே இதுதான் முதல் தடவை, அதையும் விற்றுக் காசாக்குகிற ஊராக இருந்தது இது.

சிரிக்காதவர்கள் நாலே பேர், நாலு பேரும் அந்த மேஜையில் இருந்தார்கள். மகன் கேமராக்காரனிடம் கையைக் காட்டி அணைக்கச் சொன்னான். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் அவன் எவ்வளவு களைத்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"டிவிக்காரங்கதாம்ப்பா," என்று ஆரம்பித்தான். "அம்மான்னாதான் ஜனங்க உருகுவாங்கன்னாங்க..."

"தெரியும்," என்றார் அவர்.

"அது மட்டும் இல்ல." அவன் அப்பாவின் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "உங்க சூப் எனக்கு வரலப்பா. காலேஜ்லேருந்தே வெச்சுப் பாக்கறேன். எத்தனை மீன், எத்தனை அடுப்பு. அம்மா சொன்ன மாதிரி வெச்சா நீங்க வெச்ச மாதிரி இல்லன்னு முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. உங்களைக் கேக்கறதுக்குக் கூச்சமா இருந்துச்சு. ஊருக்கெல்லாம் பெரிய ஆளு, அப்பன் வெச்ச சூப்பு வெக்கத் தெரியலன்னா? கடை திறக்கறப்ப மெனுவுல ஏதோ ஒரு பேர் போடணும். இதுக்குப் போய் உங்க பேரை வெக்க எனக்கு மனசு வரல."

அவர் மூக்குக்கண்ணாடிக் காம்பிலிருந்து விரலை எடுத்து மேஜையில் வைத்தார். நர்சம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வந்த அழுகை பாதியில் நின்றது. மகன் சொன்னதை இன்னொரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

"ஏண்டா," என்றாள். "அப்ப என் பேர்னா பரவால்லையா?"

அவன் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். ஐஸில் படுத்திருந்த மீன்களுக்கும் அவனுக்கும் அந்த நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மூத்தவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவருடைய தொண்டைக்குள் ஏதோ உருண்டது. அது சிரிப்புதான் என்று நர்சம்மாவுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது, கேட்டு அவ்வளவு நாளாகியிருந்தது.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "வேலை முடிஞ்சதும் வீட்டுக்கு வந்து சேரு," என்றார் மகனிடம். மனைவியின் பக்கம் திரும்பி, "கிளம்பு. போற வழியில மீன் வாங்கணும். மார்க்கெட் மூடிருவான்," என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனை மாதமாகக் காத்துக்கிடந்தாள். சந்தோஷத்தில் நெஞ்சு விம்மியது. கூடவே எரிச்சலும் பற்றிக்கொண்டு வந்தது. அப்பனும் பிள்ளையும் ஒன்று சேர்ந்துகொண்டார்கள், அவள் பெயர் மட்டும் அந்தக் கிண்ணத்தில் மிதந்துகொண்டிருந்தது. அது வலித்தது என்பதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"வாம்மா," என்றாள் மூத்தவள் கைப்பையை எடுத்துக்கொண்டு.

"நீங்க முன்னால போங்க," என்றாள் நர்சம்மா. ஆறிப்போன கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துவைத்துக் கரண்டியை எடுத்தாள். "நான் இதைக் குடிச்சு முடிச்சுட்டு வர்றேன்."